பனியன் கம்பெனி நெட்வொர்க்கில் டிஹெச்சிபியை ஃபயர்வாலுக்கு மாற்றிய அனுபவம்

டிஹெச்சிபி என்பது நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி, அதாவது அதன் முகவரி எண், தானாக வழங்கும் முறை; ஃபயர்வால் என்பது உள் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று எது போகலாம், எது வரலாம் என்று பார்க்கும் பெட்டி. ஃபயர்வாலில் டிஹெச்சிபியை ஆன் செய்வது ஒரு டிக் போட்டு, தொடக்க எண்ணையும் கடைசி எண்ணையும் எழுதிச் சேமிக்கிற வேலை. வீடியோக்களில் ஐந்து நிமிடத்தில் முடித்துக் காட்டிவிடுவார்கள். புது இடமாக இருந்தால் அது சரிதான். ஆனால் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனியில், வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு ஐபி போட்டுவிட்டுப் போயிருக்கும் இடத்தில், அந்த டிக்கை எப்போது போடுவது, அதற்கு முன்னால் எதையெல்லாம் அணைப்பது, எந்தச் சாதனத்துக்கு எந்த எண் என்பதை எங்கே எழுதி வைப்பது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி கம்பெனிக்கு இதைச் செய்து கொடுத்தேன். இதே நிலைமையில் நம் பக்கம் ஏகப்பட்ட கம்பெனிகள் இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அங்கே இருந்த நிலைமை. இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் வைத்த மோடம் 192.168.1 வரிசையில் ஐபி கொடுத்துக்கொண்டிருந்தது. மாடியில் மெர்ச்சண்டைசர்கள் உட்காரும் பக்கம் வைஃபை எடுக்கவில்லை என்று யாரோ ஒரு ரவுட்டரை வாங்கி வந்து சொருகியிருந்தார்கள். அது தன் பங்குக்கு 192.168.0 வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தது. கேமரா மாட்டியவர் என்விஆருக்கு (கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) ஒரு எண், கைரேகை மிஷின் விற்றவர் அதற்கு ஒரு எண், டேலி போட்டுக் கொடுத்தவர் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு எண் என்று எல்லாமே அந்தந்தப் பெட்டிக்குள் கையால் எழுதப்பட்டிருந்தன. எங்கேயும் ஒரு பட்டியல் கிடையாது.

இதனால் என்ன நடக்கும்? பேக்கிங் செக்‌ஷன் பிரிண்டரின் எண் மோடம் வாரி வழங்கும் எண்களுக்கு நடுவில் இருந்தது. இரவு பிரிண்டரை அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் முதலில் உள்ளே வரும் யாரோ ஒருவருடைய செல்போனுக்கு மோடம் அந்த எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும். அப்புறம் பிரிண்டரைப் போட்டால் இரண்டும் ஒரே எண்ணில் அடித்துக்கொள்ளும். "சார், பிரிண்டர் மறுபடியும் வர மாட்டேங்குதுங்க" என்று அக்கவுண்ட்ஸ் அக்கா போன் செய்வார். யாராவது போய்ப் பிரிண்டருக்கு வேறு எண் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிரிண்டரைத் திரும்பச் சேர்த்துவிட்டு வருவார்கள். கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்க முடியாமல் நிற்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய டென்ஷன் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நான் நம்பும் தீர்வு ஒன்றுதான்: ஐபியைச் சாதனத்துக்குள் எழுதாதீர்கள், ஃபயர்வாலில் எழுதுங்கள். மாறாத எண் வேண்டிய பிரிண்டர், என்விஆர், சர்வர் எல்லாவற்றையும் "தானாக வாங்கிக்கொள்" என்று விட்டுவிட்டு, எந்த மேக் அட்ரஸுக்கு (சாதனத்தின் நெட்வொர்க் பகுதிக்குத் தயாரிக்கும்போதே கொடுத்த அடையாள எண்) எந்த எண் என்பதை ஃபயர்வாலில் ரிசர்வ் செய்துவிடுவது. பட்டியலும் அதுதான், செயல்பாடும் அதுதான். தனியாக ஒரு எக்செல் ஷீட் வைத்தால் அது ஆறு மாதத்தில் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். ஃபயர்வாலில் இருக்கும் பட்டியல்படிதான் நெட்வொர்க்கே ஓடுகிறது என்பதால் அது பழையதாகிப் போக வழியே இல்லை.

டிஹெச்சிபி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோளாறு கண்டுபிடிக்க இது தேவைப்படும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அதற்கு முகவரி கிடையாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆகவே அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "ஐபி கொடுக்கிறவர் யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்கும், இது டிஸ்கவர். சர்வர் "இந்த எண் வைத்துக்கொள்" என்று ஆஃபர் கொடுக்கும். "சரி, அதையே கொடு" என்று கம்ப்யூட்டர் ரிக்வெஸ்ட் அனுப்பும். சர்வர் உறுதி செய்து அக்னாலெட்ஜ் அனுப்பும். இந்தப் பேச்சு சர்வர் பக்கம் யுடிபி போர்ட் 67-லும், கேட்கிற பக்கம் 68-லும் நடக்கும். 1993-ல் முதல் வடிவம் வந்து, 1997-ல் ஆர்எஃப்சி 2131 என்ற இன்டர்நெட் விதி ஆவணமாக எழுதப்பட்டதுதான் இன்றுவரை ஐபிவி4-ல் ஓடுகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆஃபர் கொடுப்பவர் யார், அவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று கேட்கிற கம்ப்யூட்டர் எதையும் சரிபார்ப்பதில்லை. பெரும்பாலும் யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவருடைய எண்ணை எடுத்துக்கொள்ளும். இரண்டு பேர் கொடுக்கிற நெட்வொர்க்கில் காலையில் வேலை செய்தது மதியம் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

அங்கே வைத்தது நான்கு போர்ட் உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதில் பிஎஃப்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருள். காசு கொடுத்து வாங்கும் ஃபயர்வால்களிலும் திரை மாறுமே தவிர யோசிக்க வேண்டியவை இவையேதான்.

ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி முழுக்க நடந்தேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், மாடி, செக்யூரிட்டி ரூம். நெட்வொர்க் கேபிள் போகும் ஒவ்வொரு பெட்டியின் பெயர், இடம், மேக் அட்ரஸ், இப்போதைய ஐபி. பிரிண்டர்களில் பின்பக்க ஸ்டிக்கரை நம்புவதைவிட, மெனுவில் நெட்வொர்க் ரிப்போர்ட் ஒன்று அடித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் வைஃபை உள்ள பிரிண்டரில் கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு ஒரு மேக் என்று இரண்டு இருக்கும். லேப்டாப்பிலும் அப்படித்தான். தவறான மேக்கை ரிசர்வ் செய்துவிட்டு எண் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். என்விஆரின் பின்னாலேயே நேரடியாகச் சொருகிய கேமராக்கள் பெரும்பாலும் என்விஆரின் உள் நெட்வொர்க்கில் இருக்கும், அவற்றுக்கு நாம் எண் ஒதுக்க வேண்டியதில்லை. சுவிட்ச் வழியாக வரும் கேமராக்களுக்கு மட்டும் வேண்டும். இந்த நடை கொஞ்சம் சலிப்பாக இருக்கும், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு ஆரம்பித்த எந்த வேலையும் அன்றே முடிந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து எண் வரிசை. 192.168.1, 192.168.0 இரண்டையும் தொடாதீர்கள். காரணம் இரண்டு. மோடம் ஏற்கெனவே 192.168.1-ல் இருந்தால் ஃபயர்வாலின் வேன் (இன்டர்நெட் வரும்) பக்கத்துக்கும் அதே வரிசையில் எண் வரும். பிஎஃப்சென்ஸின் லேன் (உள் நெட்வொர்க்) பக்கமும் போட்டவுடன் 192.168.1.1 என்றுதான் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே வரிசை என்றால் எந்தப் பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது, நெட் வராது. இரண்டாவது, நாளைக்கு முதலாளி வீட்டில் இருந்து விபிஎன் வழியாக உள்ளே வர வேண்டும் என்பார். அவர் வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1-ல் இருந்தால் அங்கேயும் இதே மோதல். அதனால் 10-ல் தொடங்கும் வரிசையை எடுத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு 10.20.10, கேமரா, கைரேகை மிஷின் வகையறாக்களுக்கு 10.20.20, வெளியாட்கள் மற்றும் எல்லோருடைய செல்போன்களுக்கும் 10.20.30. இவை ஒவ்வொன்றும் ஒரு விலேன், அதாவது அதே சுவிட்சுகளில் ஓடினாலும் தனியாகப் பிரித்த நெட்வொர்க். விலேன் எண்ணும் 10, 20, 30 என்றே வைத்தேன். மூன்றாவது எண்ணைப் பார்த்தவுடனே எந்த விலேன் என்று தெரிந்துவிடுவது போனில் ஒருவருக்கு வழி சொல்லும்போது பெரிய உதவி.

ஒவ்வொரு வரிசைக்குள்ளும் ஒரே மாதிரிப் பிரித்தேன். 1 ஃபயர்வால். 2 முதல் 19 வரை சுவிட்ச், வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட். 20 முதல் 99 வரை ரிசர்வ் செய்யும் சாதனங்கள். 100 முதல் 199 வரைதான் தானாக வழங்கும் பூல். அதற்கு மேல் சும்மா விட்டு வைத்தேன், வளரும் கம்பெனிக்கு இடம் வேண்டும். பிஎஃப்சென்ஸில் ஐஎஸ்சி டிஹெச்சிபி என்ற பழைய சர்வர் மென்பொருள் ஓடும்போது, ரிசர்வ் செய்யும் எண் பூலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், உள்ளே கொடுத்தால் திட்டிவிட்டு சேமிக்காது. சில ஃபயர்வால்கள் உள்ளேயே அனுமதிக்கும். எதுவானாலும் வெளியே வைப்பதே நல்லது, எண்ணைப் பார்த்ததும் இது நாமாகக் கொடுத்ததா, தானாக வந்ததா என்று தெரியும்.

இப்போது திரைக்கு வருவோம். இன்டர்ஃபேஸுக்கு, அதாவது ஃபயர்வாலின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் விலேனுக்கும், நிலையான ஐபி கொடுத்தால்தான் அங்கே டிஹெச்சிபி சர்வரை ஆன் செய்ய முடியும், இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது பக்கத்தில் இருக்கும், நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் சின்ன மாஸ்க் பெட்டி. பிஎஃப்சென்ஸில் புது இன்டர்ஃபேஸுக்கு எண் எழுதும்போது அந்தப் பெட்டி /32 என்று நிற்கும். அப்படியே விட்டால் ஒரே ஒரு முகவரி மட்டும் உள்ள நெட்வொர்க் என்று அர்த்தம். கொடுப்பதற்கு எண்ணே இல்லாததால் டிஹெச்சிபி பக்கத்தில் அந்த இன்டர்ஃபேஸின் டேபே வராது. மெனுவைத் தேடித் தேடி அலுத்துப் போகாமல் மாஸ்க்கை /24 ஆக்குங்கள், டேப் தானாக வந்துவிடும்.

கேட்வே (வெளியே போகும் வழி) கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபயர்வாலின் எண்ணே போகும், அதுதான் வேண்டும். டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் அதன் ஐபியைச் சொல்லும் சேவை) கட்டத்தையும் காலியாக விட்டால், டிஎன்எஸ் ரிசால்வர் ஓடும் பட்சத்தில் ஃபயர்வாலே டிஎன்எஸ் ஆகிவிடும். இங்கே பலர் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவதாகக் கூகுளின் 8.8.8.8 போடுவார்கள். நான் போடுவதில்லை. முதலாவது பதில் சொல்லாதபோது மட்டும்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று எந்தக் கம்ப்யூட்டரும் உறுதி கொடுக்கவில்லை. உள்ளே இருக்கும் சர்வரின் பெயரை வெளியே கேட்டு, "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. கம்பெனியில் விண்டோஸ் டொமைன் இருந்தால் அங்கே அதை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் எண்ணைத்தான் டிஎன்எஸ்ஸாகக் கொடுக்க வேண்டும், அதோடும் வெளி டிஎன்எஸ்ஸைக் கலக்கக் கூடாது.

ரிசர்வ் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள். 'பேக்கிங்-பிரிண்டர்' என்ற மாதிரி இடமும் பொருளும் சேர்ந்த பெயர். ரிசால்வர் அமைப்பில் ரிசர்வேஷன்களின் பெயரை டிஎன்எஸ்ஸில் பதிவு செய்ய ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் பிரிண்டரைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். அதன் பக்கத்திலேயே தானாக வாங்கும் எல்லாச் சாதனங்களின் பெயரையும் பதிவு செய்ய இன்னொரு டிக் உண்டு. ஐஎஸ்சி டிஹெச்சிபியோடு அதைப் போட்டால் ஒவ்வொரு புது லீஸுக்கும், அதாவது ஒவ்வொரு முறை எண் வழங்கும்போதும், ரிசால்வர் ஒருமுறை மறுபடி ஏற்றப்படும். நிறையப் போன்கள் வந்து போகிற இடத்தில் பிரவுசிங் விட்டு விட்டு நின்று போகும். இந்த இரண்டாவது டிக் வேண்டாம்.

லீஸ் நேரம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தொடாமலே விட்டுவிடும் இடம் இது. கொடுத்த எண் எவ்வளவு நேரம் செல்லும் என்பதுதான் லீஸ். அதில் பாதி நேரம் ஆனதும் சாதனம் அதே சர்வரிடம் போய் நீட்டித்துக்கொள்ளும். பதில் இல்லையென்றால் 87.5 சதவீதம் ஆனதும் யாராவது கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்கும். முழுதும் முடிந்தால் எண்ணை விட்டுவிட வேண்டும். பிஎஃப்சென்ஸில் எதுவும் எழுதாவிட்டால் 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு நான் ஒரு நாள் கொடுத்தேன். ஃபயர்வாலை மதியம் ரீஸ்டார்ட் செய்தாலும், ஏன், அது ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தாலும், ஏற்கெனவே எண் வாங்கிய கம்ப்யூட்டர்களும் பிரிண்டரும் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும்.

செல்போன் விலேனுக்கு நேர் எதிர். அங்கே ஒரு மணி நேரம். ஷிஃப்ட் மாறும்போது ஆட்கள் மாறுகிறார்கள், பையர் தரப்பு ஆட்கள், ஏஜெண்டுகள், லாரிக்காரர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஒரு /24-ல் கிடைப்பது 254 எண்கள், அதில் பூலுக்கு ஒதுக்கியது நூறுதான். ஒரு நாள் லீஸ் என்றால் காலையில் வந்து போனவரின் எண் மறுநாள் வரை முடங்கிக் கிடக்கும், சாயங்காலம் வருபவருக்கு எண் இருக்காது. அந்தச் சமயத்தில் லாக்கில் 'நோ ஃப்ரீ லீஸஸ்' என்று வரும், பார்த்திருந்தால் அடையாளம் தெரியும். இதனாலேயே செல்போன் விலேனில் மட்டும் பூலை 20-ல் இருந்து 250 வரை நீட்டிவிட்டேன், அங்கே ரிசர்வ் செய்ய எதுவும் இல்லை.

செல்போனுக்கு ஏன் ரிசர்வேஷன் கிடையாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆண்ட்ராய்டு 10-ல் இருந்தும் ஐஓஎஸ் 14-ல் இருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மேக் அட்ரஸைக் காட்டுவதில்லை, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக்கை உருவாக்கிக் காட்டுகின்றன. மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் போலி மேக் என்று எடுத்துக்கொள்ளலாம். முதலாளியின் போனில் கேமரா பார்க்க ஒரு நிலையான எண் தேவைப்பட்டது, அந்த ஒரு போனில் மட்டும், அந்த ஒரு வைஃபைக்கு மட்டும், பிரைவேட் அட்ரஸை (போலி மேக் காட்டுவதை) அணைத்துவிட்டு அதை ஆபீஸ் விலேனில் ரிசர்வ் செய்தோம். "தெரியாத சாதனத்துக்கு எண் கொடுக்காதே" என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் பாதுகாப்பு என்று நினைத்துப் போடச் சொல்லிக் கேட்பார்கள். கையால் ஒரு எண்ணை எழுதிக்கொண்டு உள்ளே வருபவரை அது தடுக்காது, ஆகவே பாதுகாப்புக்கு அதை நம்ப வேண்டாம். விலேனும் ரூல்களும்தான் பாதுகாப்பு.

மாற்றியது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாளே மோடத்தில் லீஸ் நேரத்தைக் குறைக்க வழி இருந்தால் குறைத்துவிடுங்கள், பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு வரிசை இப்படி: பழைய மோடத்தின் டிஹெச்சிபியில் இருந்து உள் நெட்வொர்க்கைப் பிரித்து, மோடத்தின் கேபிள் ஃபயர்வாலின் வேனுக்கு மட்டும் போகும்படி செய்தோம். மாடி வைஃபை ரவுட்டரின் சொந்த எண்ணை 10.20.30.3 ஆக மாற்றி, அதன் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை அதன் வேன் ஓட்டையில் இருந்து எடுத்து லேன் ஓட்டையில் சொருகினோம். அப்படிச் செய்தால் அது வெறும் ஆக்சஸ் பாயிண்ட் ஆகிவிடும். எண்ணை மாற்றுவதை முதலில் செய்யுங்கள், டிஹெச்சிபியை அணைத்த பிறகு அதன் பக்கத்தைத் திறக்கவே கையால் ஐபி போட வேண்டிவரும். அப்புறம் கையால் எண் எழுதிய ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டரிலும் ஆட்டோமேட்டிக் ஆக்கிக்கொண்டே வந்தோம். கடைசியில் சுவிட்சுகளை ஒருமுறை அணைத்துப் போட்டோம். கேபிள் தொடர்பு விட்டு வந்ததும் எல்லாச் சாதனங்களும் புதிதாக எண் கேட்கும், ஒவ்வொன்றாகப் போய் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கைரேகை மிஷின் ஆட்டோமேட்டிக்கை ஏற்கவில்லை, அந்த மாடலில் கையால் எழுதும் வசதி மட்டும்தான். பரவாயில்லை, அதில் 10.20.20.30 என்று எழுதிவிட்டு, ஃபயர்வாலிலும் அதன் மேக்குக்கு அதே எண்ணை ரிசர்வ் செய்து வைத்தேன். பட்டியலில் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த மாதிரி மிஷின்களில் கேட்வே கட்டத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். முன்பு எல்லாம் ஒரே வரிசையில் இருந்ததால் அது காலியாக இருந்தும் ஓடியிருக்கும். இப்போது ஹெச்ஆர் கம்ப்யூட்டர் வேறு விலேனில் இருக்கிறது; கேள்வி போய்ச் சேரும், பதில் அனுப்ப வழி தெரியாமல் மிஷின் சும்மா இருக்கும். ஃபயர்வால் ரூலைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

இனி, எண் வந்தும் நெட் வராத விஷயம். புது விலேனுக்கு டிஹெச்சிபி ஆன் செய்தவுடன் போனுக்கு 10.20.30.21 என்று அழகாக எண் வரும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. பிஎஃப்சென்ஸில் முதல் லேனுக்கு மட்டும்தான் "எல்லாம் போகலாம்" என்ற ரூல் தயாராக இருக்கும். அப்புறம் சேர்க்கும் எந்த இன்டர்ஃபேஸுக்கும் ரூலே கிடையாது, ரூல் இல்லை என்றால் எல்லாம் தடை. டிஹெச்சிபிக்கான அனுமதியை மட்டும் அது திரைக்குப் பின்னால் தானாகச் சேர்த்துக்கொள்ளும், அதனால்தான் எண் வருகிறது. ரூல்கள் மேலிருந்து கீழே பார்க்கப்படும், முதலில் பொருந்துவது ஜெயிக்கும். ஆகவே செல்போன் விலேனில் முதலில் ஃபயர்வாலின் 53-ஆம் போர்ட்டுக்கு (டிஎன்எஸ்) அனுமதி, அடுத்து உள் வரிசைகளுக்கும் ஃபயர்வாலுக்கும் தடை, கடைசியில் மீதி எல்லாவற்றுக்கும் அனுமதி. டிஎன்எஸ் ரூலைத் தடைக்குக் கீழே போட்டால் பக்கம் திறக்காது, வாட்ஸ்அப் மட்டும் எப்படியோ கொஞ்ச நேரம் ஓடும், பார்ப்பவர் குழம்பிப் போவார்.

நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி, கோளாறு என்று சொன்னதும் முதலில் அந்தச் சாதனத்தின் ஐபி என்ன என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். விண்டோஸில் 169.254-ல் தொடங்கினால், யாரும் எண் கொடுக்காததால் அது தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம்: அது கேட்ட கேள்வி சர்வர் வரை போகவே இல்லை, அல்லது பதில் திரும்பி வரவில்லை. கேபிள், சுவிட்ச் போர்ட், விலேன் டேக் இவற்றைப் பாருங்கள், ஃபயர்வால் ரூலைப் பார்த்துப் பயனில்லை. எண் வந்து, ஆனால் வேறு விலேனின் எண்ணாக இருந்தால் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் விலேன் தவறாகப் போடப்பட்டிருக்கிறது. சரியான எண் வந்தும் நெட் இல்லை என்றால் ரூல் அல்லது டிஎன்எஸ். நீங்கள் உருவாக்காத வரிசையில், 192.168.0 என்ற மாதிரி எண் வந்தால், யாரோ ஒரு ரவுட்டரைக் கொண்டு வந்து சொருகியிருக்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயம் கண்டிப்பாக நடக்கும். அங்கேயும் நடந்தது. சாம்பிள் ரூமில் சிக்னல் வரவில்லை என்று வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை ஒருவர் கொண்டு வந்து லேன் ஓட்டையில் மாட்டிவிட்டார், நல்ல எண்ணத்தில்தான். அந்தத் தளத்தில் பாதிப் பேருக்கு நெட் போய்விட்டது. கண்டுபிடிக்க வழி எளிது: பாதிக்கப்பட்ட ஒரு கம்ப்யூட்டரில் டிஹெச்சிபி சர்வர் எண் என்ன என்று பாருங்கள், ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்த மேக்குடையது என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியல்) அந்த எண்ணின் மேக்கை எடுங்கள், சுவிட்சின் மேக் பட்டியலில் அந்த மேக் எந்தப் போர்ட்டில் வருகிறது என்று தேடுங்கள், அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால் ரவுட்டர் கிடைக்கும். மறுபடி வராமல் தடுக்க, அமைப்புகளை மாற்ற முடிகிற மேனேஜ்டு சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்று ஒன்று இருக்கிறது. ஃபயர்வால் இருக்கும் போர்ட்டையும் சுவிட்சுக்குச் சுவிட்ச் இணைக்கும் போர்ட்களில் ஃபயர்வால் பக்கம் போகிறதையும் மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டால், வேறு எந்தப் போர்ட்டில் இருந்து ஆஃபர் வந்தாலும் சுவிட்சே தூக்கிப் போட்டுவிடும். சுவிட்ச் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் காசு கூட ஆனாலும் தகும். கூடவே சாம்பிள் ரூமுக்கு ஒரு முறையான ஆக்சஸ் பாயிண்ட் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர் ஏதாவது ஒரு வழி தேடத்தான் செய்வார், அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது.

நம் ஊரில் கரண்ட் போவதைக் கணக்கில் எடுக்காமல் எந்த நெட்வொர்க்கும் போடக் கூடாது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர்கள் ஃபயர்வாலுக்கு முன்பே எழுந்துவிடும், கேட்டுப் பார்த்துவிட்டு 169.254-ல் உட்கார்ந்துவிடும். விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்டுத் தானாகச் சரியாகும். சில பிரிண்டர்கள் ஒருமுறை கேட்டு நிறுத்திவிடும், அவற்றை அணைத்துப் போட வேண்டும். ஃபயர்வால், முதன்மைச் சுவிட்ச், மோடம் மூன்றையும் ஒரு யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியைத் தாண்டினால் போதும், ஆகவே சின்ன யூபிஎஸ்ஸே தாங்குகிறது.

லாக்கைப் படிக்கப் பழகுங்கள். டிஸ்கவர் வரியே இல்லை என்றால் கேள்வி வந்து சேரவில்லை. டிஸ்கவர், ஆஃபர், மறுபடி டிஸ்கவர், ஆஃபர் என்று போய்க்கொண்டே இருந்தால் நம் ஆஃபர் போய்ச் சேரவில்லை. நான்கும் வரிசையாக இருந்தால் டிஹெச்சிபியின் வேலை முடிந்தது, பிரச்சினை வேறு இடத்தில். லாக் போதாது என்றால் அந்த இன்டர்ஃபேஸில் 67, 68 போர்ட்களுக்குப் பாக்கெட் கேப்சர் போட்டால் யார் யார் பேசுகிறார்கள் என்று எல்லாம் தெரியும், திருட்டு ரவுட்டரின் ஆஃபர் உட்பட.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஃபயர்வாலின் கான்ஃபிக் ஃபைலை பேக்கப் எடுத்து, ஒரு பிரதியை முதலாளியிடமும் கொடுத்தேன். ரிசர்வேஷன் பட்டியல் முழுவதும் அதற்குள் இருக்கிறது, பெட்டி எரிந்துபோனாலும் வேறு பெட்டியில் ஏற்றிவிடலாம். பாஸ்வேர்டு சம்பந்தப்பட்ட விவரங்களும் அதில் இருப்பதால் மெயிலில் அனுப்பாமல் பென் டிரைவில் போட்டுப் பூட்டி வைக்கச் சொன்னேன். புதுச் சாதனம் எது வந்தாலும் முதலில் அதன் மேக்கை எனக்கு அனுப்புங்கள், கையால் எண் எழுத விடாதீர்கள் என்று அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கேமரா சர்வீஸ் ஆள் வந்தால் இப்போது அக்காவே அவரை நிறுத்தி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.

இப்போது தொடங்குபவர்களுக்கு ஒரு விஷயம். ஐஎஸ்சி டிஹெச்சிபியை உருவாக்கியவர்களே 2022-ல் அதன் பராமரிப்பை முடித்துவிட்டார்கள், அதற்குப் பதிலாக அவர்களே உருவாக்கிய புது மென்பொருள்தான் கியா. 2023 நவம்பரில் வந்த பிஎஃப்சென்ஸ் 2.7.1-ல் இருந்து கியாவைத் தேர்வு செய்து மாற்றிக்கொள்ளலாம், ஆரம்பத்தில் அதில் சில வசதிகள் குறைவாக இருந்தன, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறார்கள். புதிதாகப் போடுபவர்கள் கடைசிப் பதிப்பை எடுத்துக் கியாவிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பழையது ஓடுகிறவர்கள் பேக்கப் எடுத்துக்கொண்டு, கம்பெனி லீவு நாளில் மாற்றி, லீஸ் பக்கத்தில் ஒவ்வொரு பிரிண்டரும் என்விஆரும் அதனதன் எண்ணிலேயே வருகிறதா என்று பார்த்த பிறகு மறுநாள் ஷிஃப்டுக்கு விடுங்கள்.